மழையில்லாமல் ஏறிய தண்ணீர்

ஐயா, இந்த நேரத்தில் எழுதி அனுப்புவதற்கு மன்னிக்கவும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நீங்கள் எழுத்தில் தரச் சொல்லிக் கேட்ட வாக்குமூலம் இது.

என் பெயர் ஜெயப்பிரியா, வயது இருபத்தாறு, பி.ஏ. படித்திருக்கிறேன், க/பெ அகிலன், கொடைக்கானல் வட்டம் கவுஞ்சியில் குடியிருக்கிறேன். என் கணவர் உங்கள் ஊர்க் கழிமுகத்தில் பழைய ரோமானிய வணிகர் குடியிருப்பைத் தேடும் தொல்லியல் ஆய்வில் ஒப்பந்தப் பணியாளர். ஆற்று நடுவில் உள்ள மணல்திட்டில் சாடி ஓடுகளைப் பொறுக்கிப் பையில் போட்டு, எடுத்த இடத்தில் கொடி நடுவது அவர் வேலை.

கடந்த பௌர்ணமியன்று சாயங்காலம் எல்லோரும் கரைக்கு வந்த பிறகு, திட்டில் மறந்துவிட்ட ஓட்டுப் பையை எடுக்க அவர் மட்டும் முழங்கால் தண்ணீரில் திரும்பிப் போயிருக்கிறார். அங்கிருந்து எனக்குப் போன் செய்தார். "ஜெயா, இங்க ஆறு திரும்பி மேல பாத்து ஓடுது" என்றார். நான், "கவுஞ்சிக்காரருக்கு ஆறு எந்தப் பக்கம் ஓடும்னே மறந்துபோச்சா?" என்றேன். இருவரும் சிரித்தோம். அதன் பிறகு, "கொடியெல்லாம் நனையுது, படகு வரச் சொல்லிட்டு இங்கேயே நிக்கவா?" என்று கேட்டார். "மழையே இல்ல, தண்ணி எப்படிங்க ஏறும்? வெரசா நடந்து கரைக்குப் போங்க" என்றேன். எங்கள் மலையில் மழை பெய்தால்தான் ஓடை ஏறும். அதன் பிறகு அவர் போன் வரவில்லை.

அதன் பிறகு, பையோடு ஓடிவிட்டார் என்று ஆய்வு அலுவலகத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள். கவுஞ்சிக்கு வந்த போலீசார் அரிசி டிரம்மைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், பாப்பா விளையாடும் உடைந்த பூந்தொட்டிச் சில்லுகளை எடுத்துப் போனார்கள். அதன் பிறகு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தேன். "ஓடிப்போனவனைத் தண்ணிக்குள்ள தேடச் சொல்றியேம்மா" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் சிரித்தார்கள்.

அங்கிருந்து கரைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை. கடல் பக்கமிருந்து தண்ணீர் ஆற்றுக்குள் ஏறி வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திட்டின் ஓரம் காணாமல் போனது. படகுக்காரர் பொன்னுவேலிடம் கேட்டேன். "தெனமும் இப்படித்தாம்மா, பௌர்ணமின்னா திட்டே முங்கிரும்" என்றார்.

என் கணவர் திருடவில்லை. நடந்து போகச் சொன்னது நான். உயிரோடு கொண்டுவரச் சொல்லவில்லை ஐயா, திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு தடவை தேடிப் பாருங்கள். பையை அவர் கையிலிருந்து விட்டிருக்க மாட்டார்.

இதில் உள்ளது முழுவதும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே எழுதிய உண்மை. படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஜெயப்பிரியா

தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.