ஒத்திகை நாளில் ஒரு பிரசவம்

“பி.எஸ்சி. படிச்சா புள்ள தானா வெளிய வந்துருமாடி?”

அம்மா கேட்டாள். அப்போது எனக்கு எட்டாம் மாதம். நான் சிரித்தேன்.

இப்போது வியாழக்கிழமை. பிற்பகல் 3.07. என்னைப் பெட்ஷீட்டில் தூக்கிக்கொண்டு படி இறங்குகிறார்கள். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. தலைப்பக்கம் என் கணவர் சேவியர். கால்பக்கம் அம்மாவும் கீழ்வீட்டு அண்ணனும். என் மார்பில் மகள். பிறந்து இருபத்தேழு நிமிடம். தொப்புள்கொடியை அறுக்கவில்லை. அதன் மறுமுனை எனக்குள் இருக்கிறது. நஞ்சுக்கொடி இறங்கவில்லை. ரத்தம் மட்டும் இறங்குகிறது.

சைரன் ஊதுகிறது. ஏறி, இறங்கி, ஏறி. மகளின் வாய் திறந்திருக்கிறது. அவள் அழுகை யாருக்கும் கேட்கவில்லை.

எல்லையில் சண்டை நடந்த வாரம் அது. நாங்கள் இருப்பது ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில். சேவியர் அங்கே ஃபிட்டர். வியாழன் மூன்று மணிக்குப் போர்க்கால ஒத்திகை என்று முன்பே மைக்கில் சொல்லிவிட்டார்கள். சைரன் கேட்டால் யாரும் வெளியே வரக்கூடாது. கேட்டை மூடிவிடுவார்கள். பெயர் கொடுத்த சிலர் மட்டும் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு மைதானத்தில் காயம்பட்டவர்களாகப் படுப்பார்கள். நான் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னேன். பிரசவத்துக்கு அமைதி வேண்டும் என்று குழுவில் படித்திருந்தேன்.

குழு என்றால் வாட்ஸ்அப் குழு. வீட்டிலேயே, யார் உதவியும் இல்லாமல் பெறுவது பற்றியது. என் சித்தி மகள் பிரசவ வார்டில் தொடையில் அறை வாங்கியவள். எனக்கு அது நடக்காது என்று முடிவு செய்தேன். கைநாட்டுக் குடும்பத்தில் முதலில் பேனா பிடித்தவள் நான். வீடியோக்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன். இருநூறு பக்க நோட்டு நிரம்பியது. ஸ்கேன் வேண்டாம் என்றேன். ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்றேன். சுகாதார நர்ஸ் தேடி வந்தபோது, வேலூரில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விட்டதாக எழுதிக் கதவில் ஒட்டினேன். உள்ளே மூச்சடக்கி நின்றேன். வீட்டில் யாரும் என்னை மறுக்கவில்லை. படித்தவள் சொல்கிறாள்.

காலை 7.00. தொழிற்சாலைச் சங்கு ஊதியபோது பனிக்குடம் உடைந்தது. கடிகாரம் பார்க்கக் கூடாது என்பது குழுவின் விதி. சுவரில் இருந்ததைக் கழற்றி வைத்திருந்தோம். சங்கை யாரால் கழற்ற முடியும்? அடுத்த சங்குக்கு வலி இறுகியது. அதற்கடுத்த சங்குக்கு நான் கத்தினேன். சேவியரின் செல்போன் மணிப்படி 2.40க்கு மகள் பிறந்தாள். உடனே அழுதாள். சேவியர் செல்போனில் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினார். 2.52. எனக்குள் அப்படி ஒரு கர்வம்.

2.55. பாய் நனைந்தது. நஞ்சு தானாக வரும், ஆறு மணி நேரம் ஆனாலும் காத்திருங்கள் என்று என் நோட்டில் இருந்தது. என் கையெழுத்தில். அடிக்கோடு போட்டு.

3.00. சைரன். சேவியர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அம்மா அதைப் பிடுங்கி எறிந்தாள்.

“பொஸ்தகத்த மூட்றா! பொண்ணு வெள்ளயாய்க்கினே போறா, தூக்குடா!”

108 இப்போது உள்ளே வராது. கேட் மூடியாயிற்று. ஆனால் ஒத்திகைக்கென்று மைதானத்தில் ஒரு ஆம்புலன்ஸ் நிற்கிறது. நிஜ ஆம்புலன்ஸ். இருநூறு அடி தூரம்.

3.10. மைதானம். வெயில். “படு! எல்லாரும் படு!” மைக் கத்துகிறது. சுற்றிலும் சிவப்புச் சாயத்தோடு கிடக்கிறார்கள். ஒருவன் கிடந்தபடியே மிக்சர் தின்கிறான். பால்கனிகளில் செல்போன்கள். யாரோ கை தட்டுகிறார்கள்.

“செம ஆக்டிங் மச்சான்! பொம்ம கொயந்த கூட வச்சிக்கீறாங்க பாரு!”

ஆம்புலன்ஸுக்கு முன்னால் காவலர் குறுக்கே வருகிறார். “இன்னா நைனா, உங்க பேரு லிஸ்ட்லயே இல்லியே?” சேவியர் பேசுகிறார். சைரன் அவர் பேச்சைத் தின்றுவிடுகிறது. வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி குனிகிறார். முகத்தை மட்டும் பார்க்கிறார். நான் கண் திறந்திருக்கிறேன். என் கையில் ஒரு அட்டையைக் கட்டுகிறார். பச்சை. லேசான காயம். வரிசையில் கடைசி.

எனக்குக் குளிர்கிறது. மே மாத வெயிலில் பல் கிட்டுகிறது. நான் நன்றாகப் பேசுவேன். கல்லூரியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள். ஒரு சொல்லும் வரவில்லை.

3.14. அம்மா பெட்ஷீட்டைக் கீழே வைத்தாள். எனக்கு அடியில் கை விட்டாள். வழித்து எடுத்தாள். அதிகாரியின் வெள்ளைச் சட்டையில் அப்பினாள். அவர் பின்வாங்கினார். அம்மா விடவில்லை. கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“மோந்து பாரு சார்! சாயம் இப்டி வீசுமா? மோந்து பாரு!”

அவர் மோந்தார்.

அந்த முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “கேட்டைத் திற! இது நிஜம்! நிஜம்!” மைக்கிலேயே கத்தினார். 3.16. ஆம்புலன்ஸ் கதவு மூடிய சத்தம். அதற்குப் பிறகு எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவு. கொடியை வெட்டிய கத்தரியின் சத்தம். “ரத்த குரூப் என்னம்மா? கார்டு எங்கே?” என்று ஒரு பெண் குரல். கார்டு இல்லை. குரூப் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க நான் அவ்வளவு பாடுபட்டிருந்தேன்.

நான் இழந்ததன் கணக்கு இது. கர்ப்பப்பை ஒன்று. எடுத்துவிட்டார்கள். எனக்கு இருபத்துநான்கு வயது. உடம்பிலிருந்த ரத்தத்தில் பாதிக்கு மேல். இப்போது ஓடுவதில் ஏழு பேருடைய ரத்தம் இருக்கிறது. அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. இனிப் பிறக்கவே முடியாத இரண்டாவது குழந்தை. டேனியல் என்று பெயர்கூட வைத்திருந்தோம். “எம்பொண்ணுக்கு எல்லாம் தெரியும்.” முத்தாபுதுப்பேட்டைத் தெருவெங்கும் அம்மா சொல்லித் திரிந்த வாக்கியம். இப்போது சொல்வதில்லை.

மகள் நலம். அதுதான் பயங்கரம். சேவியர் அனுப்பிய படத்தைக் குழுவில் மேலே பொருத்தி வைத்துவிட்டார்கள். ‘இன்னொரு வெற்றி.’ ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து நடந்ததை எழுதினேன். நான்கு நிமிடத்தில் அழித்தார்கள். என்னையும் நீக்கினார்கள். நீக்குவதற்கு முன் ஒரு செய்தி கண்ணில் பட்டது. காட்டுப்பாக்கத்தில் இருக்கும் சுகந்தி. முதல் பிரசவம். ‘அக்கா, உங்களப் பாத்துதான் எனக்கு தைரியமே வந்துச்சு. எனக்கு இன்னும் மூணு வாரம்.’ என் நோட்டின் நகலைக் கூரியரில் கேட்டு வாங்கியவள் அவள். பிறகு நான் அழைத்த அழைப்பு எதையும் எடுக்கவில்லை.

முகவரி என்னிடம் இருந்தது.

இன்று காலை 9.20க்கு ஆவடியில் பஸ் ஏறினேன். குமணன்சாவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ. ஒவ்வொரு பள்ளத்திலும் தையல் இழுத்தது. மகளை எடுத்து வரவில்லை. அவளைப் பார்த்தால் வெற்றி என்பார்கள். அறுவைசிகிச்சைச் சீட்டை மட்டும் எடுத்து வந்தேன். இரண்டாவது மாடி. பச்சை வர்ணக் கதவு. ஜன்னல்கள் சாத்தியிருக்கின்றன. உள்ளே யாரோ மூச்சடக்கி நிற்பது எனக்குத் தெரியும்.

மணி 10.45. கதவைத் தட்டிவிட்டேன்.