கை ஓயணும்

ஆஆ... அங்கனதான்க்கா. மெதுவா அமுக்குங்க, உசுரு போகுது. மேடம்னு கூப்புட வாய் வரமாட்டேங்குது, அக்கான்னே கூப்புடுறேன், கோவிச்சுக்கிராதீங்க. கழுத்துக்குக் கீழ கன்னிப்போயிருக்கா? அது கம்பி பட்டது. வெயிட்ட நெஞ்சுக்கு ஏத்துனா கம்பி வந்து அங்கதான் உக்காரும். வெயிட் தூக்குற பிள்ளைக எல்லாத்துக்கும் இருக்கும்.

தூக்கமெல்லாம் தூங்குறேன். சாப்பாடா? காலையில நாலு முட்ட, மத்தியானம் மீனு இல்லாட்டி கோழி, ராத்திரி ஆட்டுக்கால் சூப்பு. எங்க கோச்சு ஞானமுத்து சாரு எழுதிக் குடுத்தத ஒண்ணு விடாமத் திங்கிறேன். ஆனாலும் போன மாசம் எம்பத்தஞ்சு கிலோ தூக்குன கை, இப்ப எழுவதுக்கே வெடவெடங்குது. இன்னும் பன்னெண்டு நாள்ல ஸ்டேட் செலக்சன். முனீஸ்வரி, ஒனக்கு ஒடம்பு தேறவே மாட்டேங்குதே, போயி பிசியோவப் பாருன்னு சாருதான் பத்தி விட்டாரு. வில்லாபுரத்துலருந்து ரெண்டு பஸ்சு மாறி வாரேன். படி ஏற முடியல, கண்டக்டரு கையப் புடிச்சு ஏத்தி விட்டாரு. வெக்கமாப் போச்சு.

ரெஸ்ட்டு நாளா? வாரத்துல ரெண்டு நாளு குடுத்துருக்காரு. எடுக்குறதுதான்... என்னக்கா அப்பிடிப் பாக்குறீங்க? சரி, எடுக்கல. எங்க தெருவுல ஒரு ஜிம்மு இருக்கு, அந்த ரெண்டு நாளும் அங்க போயி தூக்குறேன். மிக்சி மூடியத் திருக முடியாம கை மரத்துப் போகணும், அது வரைக்கும் விடமாட்டேன். சாருக்குத் தெரியாது, சொல்லிப்புடாதீங்க.

முதுகுலயா? அதுவும் கம்பிதான்க்கா. ஏன், இடுப்புக்கு மேல கம்பி படாதா? அதான, ஒங்களுக்குத் தெரியாததா. எங்க வீட்டுக்காரரு. ஜெயபாண்டின்னு பேரு, செல்போன் கடை வச்சிருக்காரு. அது பெல்ட்டடி, அக்கா.

ஆளு பூஞ்ச ஒடம்பு, அம்பத்தாறு கிலோ. வார்ம்அப்புலயே நான் அதவிடக் கூடத் தூக்கிருவேன். நான் மெடல் வாங்குன போட்டோவ ஸ்டேட்டஸ்ல வைப்பாரு, வச்சுட்டு வந்து அடிப்பாரு. என்னத்தச் சொல்ல.

விட்டுட்டுப் போறதா? எங்க போக? ஊரு உசிலம்பட்டிப் பக்கம், எங்கண்ணன்ட்டச் சொல்லிப் பாத்தேன். ஏத்தா, நீ தூக்குற வெயிட்டுக்கு அவன் ஒன்ன அடிச்சான்னு சொன்னா சிரிப்பாய்ங்கன்னுட்டான். ஸ்டேசனுக்கும் போனேன், அவரையும் வரச் சொன்னாங்க. அவரு கையப் பாத்தாங்க, எங்கையப் பாத்தாங்க, பேசித் தீத்துக்கங்கம்மான்னு அனுப்பிட்டாங்க. பாப்பாவுக்கு நாலு வயசு. எம்மேல ஒரு கேசு விழுந்துச்சுன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வாங்குன வேலையும் போயிரும், பிள்ளையும் அவருட்டப் போயிரும். எங்கிட்டுத் திரும்புனாலும் செவுருதான்.

அடி வாங்குற ஒம்மேல எதுக்குக் கேசு விழுகுதுங்கிறீங்க. நல்லாக் கேட்டீங்க. போன பொங்கலுக்கு நானும் பாப்பாவும் மட்டும் ஊருக்குப் போயிருந்தோம். நாலு நாளு வெயிட்டே தொடல. மேலு வலியெல்லாம் போயி அம்புட்டுத் தெம்பா இருந்தேன். திரும்பி வந்த அன்னைக்கு வாசல்லயே கன்னத்துல ஒண்ணு விட்டாரு. நான் யோசிக்கவே இல்லக்கா. அப்பிடியே புடிச்சுச் செவுத்தோட தூக்கிட்டேன். காலு தரையில இல்ல, கழுத்து எங்கையில. மூஞ்சி கறுத்துப் போச்சு. பாப்பா அம்மான்னு கத்துச்சு, அப்பறந்தான் எறக்கி விட்டேன். பயந்துருப்பேன்னு நெனைக்கிறீங்களா? ஆத்தா மேல சத்தியமா, எனக்கு நல்லா இருந்துச்சு. மெடல் வாங்குனப்பக்கூட அப்பிடி இருந்ததில்ல. அடுத்த தடவ பாப்பா கத்துனாலும் என் காதுல விழுமான்னு தெரியல.

அதுக்கப்பறமா? ஒரு மாசம் பொத்துனாப்புல இருந்தாரு. அப்பறம் பழையபடிதான். இப்பக் கிட்ட வர்றதில்ல, தள்ளி நின்னு பெல்ட்டு. நான் உக்காந்த எடத்துலயே உக்காந்துக்கிட்டு இருப்பேன்.

அழுகலக்கா. கண்ணுல வேர்வ. நீங்க கைய விட்டுறாதீங்க, அமுக்குங்க.

என்ன சொல்றீங்க? மசாஜ் பண்ணி, ஐஸ் வச்சு, அஞ்சு நாளு கம்பியவே தொடாம இருந்தா பழைய தெம்பு வந்துருமா? முழுசாவா? இன்னைக்குச் செவ்வாக்கெழம. அப்ப ஞாயித்துக்கெழமைக்கெல்லாம் சரியாயிரும்.

ஐயோ, அது வேணாம்க்கா. திங்கக்கெழமையிலருந்து ஆரம்பிங்க, செலக்சன் போனாலும் போகட்டும். ஞாயித்துக்கெழம அவருக்குக் கடை லீவு, நாளு முச்சூடும் வீட்டுலதான் இருப்பாரு. அன்னைக்கு என் கையில தெம்பு இருக்கக் கூடாது.