அங்காயி அண்ணாந்த பாறை

ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்தப் பக்கம் ரயில் சத்தமே கேக்காத காலத்துல, கொல்லிமலைக்குக் கெழக்கே தும்பைக்குறைன்னு ஒரு ஊரு. மலையிலேர்ந்து எறங்குற ஓடைய மறிச்சு வெட்டின ஒத்தை வாய்க்கால்தான் ஊருக்கு உசுரு. அந்த வாய்க்கால் போயி முடியுற கடைமடையில அங்காயின்னு ஒருத்தி இருந்தாளாம்.

புருஷன் சித்திரையில பேதி வந்து போயிட்டான். இடுப்புல ஒரு பொண்ணு, செல்லின்னு பேரு. பங்குக்கு வந்தது கடைசித் துண்டு நெலம். அந்த வருஷம்னு பாத்து மழை இல்ல. கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேக்குற கங்காணி ஊர் ஊரா வந்தான். அங்காயி வாசல்லயும் வந்து நின்னான்.

"வர்றியா தாயி? அங்க மழைக்குப் பஞ்சமில்ல."

"கேழ்வரகு நடப்போறேன். கதிர் புடிச்சா இங்கனயே கெடப்பேன். புடிக்கலைன்னா உங்கூடக் கப்பலேறுறேன், போ."

"கார்த்திகைக்கு முந்தி இன்னொருக்கா வருவேன்"னு சொல்லிட்டுப் போனானாம்.

வீட்டுல இருந்த கடைசிக் கேழ்வரகையும் நாத்து விட்டுட்டா. செல்லிக்குக் கஞ்சி காய்ச்சக்கூட எடுத்து வைக்கலன்னு சொல்லுவாங்க.

ஆடி மாசம் ஊர் கூடித் தண்ணியப் பங்கு வச்சாங்க. பகல் தண்ணி வாய்க்கால் தலைப்புல இருக்குற மேலூருக்கு. ராத்தண்ணி அங்காயிக்கும் அவ மூத்தாருக்கும். மூத்தார்னா புருஷனோட அண்ணன், மருதைன்னு பேரு. கார்த்திகை நட்சத்திரம்னு சொல்றோமே, ஒரு கொத்தா ஆறு புள்ளி, அதுக்கு அந்த ஊர்ல அறுமீன்னு பேரு. வெளக்கு வச்சதுலேர்ந்து அறுமீன் ஏறுற வரைக்கும் அங்காயிக்குத் தண்ணி. அறுமீன் ஏறினதுலேர்ந்து கோழி கூப்பிடுற வரைக்கும் மருதைக்கு. இதுதான் பேச்சு.

ஆடியில அறுமீன் நடுச்சாமம் தாண்டித்தான் தலைய நீட்டும். "பொம்பளைன்னு பாத்துப் பெரும்பங்கு விட்டுக் குடுத்தியே மருதை!"னு ஊரே மெச்சிச்சாம். அங்காயியும் கையெடுத்துக் கும்பிட்டா.

மடை காத்தவன் சோலையன். மேட்டுல குந்தியிருப்பான். அறுமீன் கண்ணுல பட்டதும் கூவுவான்.

"அறுமீன் ஏறிருச்சோய்! மடை மாத்துறேன்!"

ஆடியில அவ வயலு நெறைஞ்சப்பறம் அந்தக் குரல் வந்துச்சு. ஆவணி பொறந்துச்சு, பாதி வயலு நெறையுமுன்ன வந்துச்சு. ஆவணி முடிய, நாலு பாத்தி நனையுமுன்ன வந்துச்சு. "அறுமீன் ஏறிருச்சோய்! மடை மாத்துறேன்!" மம்பட்டியப் பிடிச்சபடி வரப்புலயே உக்காந்திருவாளாம். தண்ணி அவ கால நக்கிட்டுத் திரும்பிப் போகும்.

ஒருநாள் ஓடிப்போயி சோலையன் முன்னால நின்னா.

"சோலையா, எம் மூத்தாரு வீட்டுச் சோறு அம்புட்டு ருசியா இருக்கோ?"

"ஏ ஆத்தா! பொய் சொன்னா என் நாக்கு அழுகிரும். ஏறினாத்தான் கூவுறேன். நம்பலைன்னா நீயே பாத்துக்க. வானத்துக்குக் கதவா போட்டு வச்சிருக்கேன்?"

"நான் என்னத்தக் கண்டேன் வானத்த?"

நெசந்தான். குனிஞ்சு நட்டவ, குனிஞ்சு களை பறிச்சவ. மழை வருமான்னு பாக்குறதத் தவிர அண்ணாந்து பழக்கமே இல்ல.

வயலு நடுவுல ஒரு மொட்டப்பாறை. அன்னிக்குச் செல்லியத் தோள்ல போட்டுக்கிட்டு அதுல ஏறினா. பாத்தா, கொட்டிக் கெடக்கு. எது எதுன்னு தெரியல. ஒண்ணப் புடிச்சா இன்னொண்ணு நழுவுது. தலை சுத்திருச்சாம். வயித்துல ஒண்ணுமில்ல, அதுவும் ஒரு காரணம். கெழக்குக் கரையில ஒத்தைப் பனை நின்னுச்சு. அதையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. அந்தப் பனைக்குப் பக்கத்துல ஆறு புள்ளி பூத்துச்சு. அடுத்த மூச்சுல சோலையன் கூவினான்.

பொய்யில்ல. துளிகூடப் பொய்யில்ல.

அந்த ராத்திரிதான் அவளுக்கு ரொம்பக் கெட்ட ராத்திரின்னு சொல்லுவாங்க. திருடன்னு ஒருத்தன் இருந்தா சண்டை போடலாம். திருடனே இல்லைன்னா யார்கிட்டப் போறது?

மறுநாளும் பாறையில ஏறினா. அதுக்கு மறுநாளும் ஏறினா. வெளக்கு வச்சு நல்லா இருட்டினதும், பனை உச்சியில நாலு மீன் கட்டில்கால் மாதிரி நின்னுச்சு. அதை அடையாளம் வச்சுக்கிட்டா. புரட்டாசி பொறந்து கொஞ்சம் போனதும் அதே இருட்டு நேரத்துல பாக்குறா, கட்டிலு பனை உச்சியில இல்ல. பனைய விட்டு ரொம்ப மேல கெடக்கு. அங்காயி எழுந்து உக்காந்தா. கட்டிலு மட்டுமில்ல, அதோட சேந்து எல்லாமே மேல போயிருக்கு. ஒரு ஆடும் மந்தையை விட்டு விலகல. மொத்த மந்தையுமே தெனம் கொஞ்சம் முன்னாடி பட்டிய விட்டுக் கெளம்புது!

செல்லிய உலுக்கி எழுப்பினாளாம். "ஏய், யாரும் திருடலடி. அறுமீனு தெனம் கொஞ்சம் சீக்கிரமா வருது. நாம அசையாத வெளக்குக்கும் அசையிற மீனுக்கும் நடுவுல பங்கு போட்டுட்டோம்டி!" புள்ளை பசியில முழிச்சு முழிச்சுப் பாத்துச்சாம்.

விடிஞ்சதும் ஊரக் கூட்டினா. சொன்னா. மருதை துண்ட ஒதறித் தோள்ல போட்டான்.

"வானம் சுருங்குதுங்குறியா? நனைச்சாச் சுருங்குறதுக்கு அது என்ன உன் சீலையா?"

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. அங்காயி சிரிப்பு அடங்குற வரைக்கும் நின்னா.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கார்த்திகைத் தீபத்தன்னிக்கு நாம வாசல்ல வெளக்கு வைக்கிறப்ப, அறுமீன் எங்க நிக்கும்?"

"இதென்ன கேள்வி? பொறந்த புள்ளைக்கும் தெரியும். கெழக்கால, கண்ணுக்கு நேரா நிக்கும். நின்னாத்தானே கார்த்திகை?"

"வெளக்கு வைக்கிறப்பவே நிக்கும்?"

"நிக்கும்."

"அப்ப அன்னிக்கு என் தண்ணி எம்புட்டு மாமா?"

 வருஷா வருஷம் எல்லாரும் பாத்ததுதான். ஆடியில பங்கு வச்சப்ப ஒருத்தருக்கும் நெனப்புல வரல. மருதை தலைய நிமித்தவே இல்லையாம். சோலையன்தான், "தப்பு வச்சுட்டோம்ப்பா"ன்னு மொதல்ல வாயத் தொறந்தான்.

அங்காயியே வழியும் சொன்னா. "மீனுக்கும் மீனுக்கும் நடுவுல வைங்க. எல்லாம் ஒண்ணாத்தான் நகருது. அறுமீனுக்கும் அதுக்குப் பின்னால வர்ற மூணு மீனுக்கும் நடுவுல உள்ள தூரம் கொறையவே இல்ல, நான் பாத்துட்டேன். ஒரு மீனு ஏறினதுலேர்ந்து அடுத்த மீனு ஏறுற வரைக்கும் ஒருத்தருக்கு. அதுலேர்ந்து அதுக்கடுத்த மீனு வரைக்கும் மத்தவருக்கு."

அப்படியே ஆச்சு. அன்னிக்கு ராத்திரியே கடைமடைக்குத் தண்ணி பாஞ்சுச்சு. அங்காயி முட்டிவரைக்கும் சேத்துல நின்னா. தாளு பச்சை கட்டுச்சு. ஆனா பால் புடிக்கிற நேரம் போயிருச்சே. கதிரக் கசக்கிப் பாத்தா, உள்ளங்கையில உமிதான். ஊதினா பறக்குது. ஊதி ஊதிப் பாத்தாளாம், ஒரு மணி கையில தங்கல.

கங்காணி சொன்ன மாதிரி வந்தான். சொன்ன வார்த்தைக்கு அவ செல்லியத் தூக்கிக்கிட்டுப் பின்னால நடந்தா. மருதை ஊரெல்லை வரைக்கும் ஓடினான்.

"என் தண்ணியையும் எடுத்துக்க அங்காயி, போகாத!"

"இப்ப தண்ணிய வச்சு என்ன மாமா பண்றது? கேழ்வரகு இருந்தாக் குடுங்க."

அவன்கிட்டயும் அந்த வருஷம் ஒண்ணும் பெருசா இல்ல. மடியில இருந்ததை அவுத்துச் செல்லி கையில கொட்டினானாம். அவ திரும்பி வந்தான்னு சொல்ல யாரும் இல்ல.

கார்த்திகைத் தீபம் வந்துச்சு. மருதை வாசல்ல வெளக்கு வைக்கக் குனிஞ்சவன் நிமிந்து பாத்தான். கெழக்கால, கண்ணுக்கு நேரா, அறுமீன் நிக்குது. அப்படியே அகல எடுத்துக்கிட்டு, காத்துக்குக் கையால மறைச்சு மறைச்சு, கடைமடைப் பாறைக்கு நடந்தான். அங்க வச்சுட்டு மடையத் தொறந்து விட்டான். வெதைக்காத அந்தத் துண்டுல ராத்திரி முழுக்கத் தண்ணி நின்னுச்சாம்.

அதனாலதான் தும்பைக்குறையில இன்னிக்கும் தீபத்தன்னிக்கு யார் வீட்டு வாசல்லயும் மொதல்ல வெளக்கு எரியாது. மொத அகல் அங்காயி அண்ணாந்த பாறையில. அன்னிக்கு ராத்திரி தண்ணி முழுசும் கடைமடைக்கு. மருதை வம்சத்துல மூத்தவன் எவனோ அவன்தான் அங்க போயி, அறுமீனப் பாத்துக் கூவுவான்.

"அறுமீன் ஏறிருச்சோய்! மடை மாத்தல!"