வயிற்றோடு வந்த கடற்குதிரை

கடற்குதிரையைப் பற்றிக் கட்டுக்கதைகள் மிகுதி. ஆகவே, காதில் விழுந்தவற்றுள் நூல்களோடு ஒத்துப்பார்த்தவற்றை மட்டுமே எழுதுகிறேன். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து பாசிர் கூடாங் செல்லும் தொழிற்சாலைப் பேருந்தில், என் முன்னிருக்கையில் இரு தொழிலாளர்கள் பேசிக்கொண்டு வந்தனர்.

"நண்டு வலையில ஒரு கடக்குதிர மாட்டுச்சு மச்சான். வயிறு இவ்ளோ பெருசு, புள்ளத்தாச்சி," என்றார் சன்னலோரம் இருந்தவர்.

"அது ஆம்பளடா!" என்று சிரித்தார் அருகிலிருந்தவர். "பொம்பள முட்டைய ஆம்பளயோட வயித்துப் பையில போட்டுரும். சுமக்கறது, பெக்கறது எல்லாம் அப்பன்தான்."

"அலமாக்! அப்பனா?" என்று வியந்தார் சன்னலோரத்தவர்.

"மருந்துக்கு விக்கக் காயப்போட்டுட்டியா?"

"வீட்டுல அவளுக்கு எட்டு மாசம். இந்த நேரத்துல நான் ஒரு உயிரக் கொல்லலாமா? அசல் குதிர மூஞ்சி மச்சான். ஒரு கண்ணு என்னப் பாக்குது, இன்னொன்னு கடலப் பாக்குது. வால என் விரல்ல சுத்திக்கிட்டு விடவே இல்ல. கைய தண்ணியில வச்சி, அதுவா விடற வரைக்கும் காத்திருந்தேன்."

"நீந்திச்சா?"

"நின்னுக்கிட்டே நீந்திச்சு, ரொம்ப மெதுவா. பொழச்சிருக்கும்லா?"

"பொழச்சிருக்கும்டா," என்றார் மற்றவர், இப்போது சிரிக்காமல்.

அது பிழைத்ததா, குஞ்சுகளை ஈன்றதா என்பது தெரியவில்லை.