பஞ்சுப் பிரிவின் லாபம்

டீயில் சர்க்கரை சற்றுத் தூக்கல், இன்ஸ்பெக்டர் ஐயா. ஸ்ரீவில்லிபுத்தூரில் எல்லாக் கடையிலும் இப்படித்தான் போடுகிறார்கள். பரவாயில்லை, குடித்துக்கொண்டே சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் எங்கள் நூற்பாலைக்கு நான் கணக்கு மேலாளர். ஒரே ரக நூலை மலைபோல் குவிப்பதை விட்டு, கேட்பவர் கேட்ட ரகத்தை உடனே கொடுப்பது என்று முதலாளி முடிவெடுத்தார். நல்ல முடிவு. ஆனால் ஆலை பழைய கூட்டுக் குடும்பம் போல இருந்தது. யார் சம்பாதிக்கிறார், யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. வியாபாரம் மாறினால் நிர்வாகம் மாற வேண்டும், கணக்கும் கூடவே மாற வேண்டும். நான் மாற்றினேன். ஒவ்வொரு பிரிவும் தனிக்கடை. பஞ்சுப் பிரிவு சுத்தம் செய்த பஞ்சை நூற்பவர்களுக்கு விற்கும். பழுது பார்க்க ஃபிட்டர் வந்தால், கூப்பிட்ட பிரிவு அவருக்குக் கூலி கொடுக்கும். எல்லாம் ஏட்டளவில்தான், ஆனால் தீபாவளி போனஸ் அந்த ஏட்டைப் பார்த்துத்தான்.

பஞ்சுப் பிரிவின் சூப்பர்வைசர் பெலிக்ஸ். நீங்கள் இப்போது உள்ளே வைத்திருப்பவர். பஞ்சு உடைக்கும் இயந்திரத்தின் கதவைத் திறந்தால் ஓட்டம் தானாக நிற்க வேண்டும். அந்த சுவிட்ச் கெட்டுப்போனது.

"பெலிக்ஸண்ணன் செலவுக்குக் கையெழுத்துப் போட்டா செத்த நேரத்துல மாட்டிருவேன் சார். இல்லன்னா நட்டம் எங்க பிரிவு தலையில விழும்" என்றார் ஃபிட்டர் பாண்டிச்செல்வம்.

"அவிய ஒழுங்காப் பாக்காம கெட்டுப்போனதுக்கு எம் பிரிவுப் பிள்ளைக போனஸ் ஏன் சார் கொறயணும்? மாட்டுத வரைக்கும் ஓட்ட மாட்டேன். கைய விட்டா அம்புட்டுத்தான்" என்றார் பெலிக்ஸ்.

உங்களுக்குள் பேசி முடியுங்கள் என்றேன். இருவரும் முறைத்துக்கொண்டு போனார்கள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. முன்பெல்லாம் யாராவது ஆலைச் செலவுக்காக இப்படிச் சண்டை போட்டிருப்பார்களா?

பெலிக்ஸ் இயந்திரத்தை நிறுத்தி, 'ஓட்டக் கூடாது' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டு, மச்சான் கல்யாணத்துக்காக வத்திராயிருப்புக்குப் போய்விட்டார். மறுநாள் முதலாளி வந்தார், என் ஏற்பாட்டை மற்ற ஆலைகளுக்கும் கொண்டுபோகலாமா என்று பார்க்க. பஞ்சு நின்றால் ஆலையே நிற்கும். என்னைக் கேலி பேசிய பழைய மேலாளர்களுக்கு அன்று தீபாவளியாக இருந்திருக்கும்.

ஸ்டோரில் புது சுவிட்ச் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம்தான். யார் கணக்கில் எழுதுவது? விதியைப் போட்டவனே அதை மீறினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்?

அதனால் அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மம்சாபுரத்திலிருந்து வேலைக்கு வரும் வெள்ளத்தாயைக் கூப்பிட்டேன்.

"சரி பண்ணிட்டாகளா சார்?" என்று கேட்டாள்.

"பண்ணியாச்சும்மா, ஓட்டு" என்றேன்.

பஞ்சு அடைத்துக்கொண்டால் கதவைத் திறந்து கையால் இழுத்துவிடுவது அவளுக்குப் பழகிய வேலை. முதலாளி என் அறையில், பஞ்சுப் பிரிவு முதல்முறையாக லாபம் காட்டியிருந்த பக்கத்தைப் பார்த்துப் பாராட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் சத்தம் கேட்டது. இயந்திரம் அவள் கையோடு தோளையும் இழுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள்.

அட்டை மாட்டியிருந்ததாகப் பெலிக்ஸ் சொல்வதை நீங்கள் நம்பவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, ஐயா. இதோ அந்த அட்டை. ஒருவர் பெயரில் எழுத வேண்டியதை இன்னொருவர் பெயரில் எழுதுவது எனக்குப் பொறுக்காது. வெள்ளத்தாய் குடும்பத்துக்குப் போகும் நஷ்டஈட்டையும் அப்படித்தான், விபத்து நடந்த பஞ்சுப் பிரிவின் செலவில் எழுதினேன். அவளோடு வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தீபாவளிக்குப் போனஸ் இல்லை. மண்ணை வாரித் தூற்றினார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே?

என் தவறு எங்கே என்று நானும் மனசாட்சியோடு யோசித்துப் பார்த்தேன். இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரத்தைப் பெலிக்ஸ் போன்றவர்கள் கையில் விட்டிருக்கக் கூடாது. புதுத் திட்டத்தில் அதைத் திருத்திவிட்டேன்.