பால்மா விலை விழுந்த காலை

“படுங்கோ! படுங்கோ!”

செல் குண்டு வருகிறது. முதலில் தூரத்தில் ‘டும்’. பிறகு கூவல். பிறகு தலையில் மண் கொட்டுகிறது. முள்ளிவாய்க்கால். 2009 சித்திரை. மண்ணில் வெட்டிய பங்கருக்குள் கணவர், அவர் தாயான மாமி, நான், மகள் ஆரணி. அவளுக்குப் பத்து மாதம். என் பால் வற்றிவிட்டது. கஞ்சித்தண்ணீரும் அவள் வயிற்றில் நிற்கவில்லை.

நாங்கள் தலைநகரில், கொட்டாஞ்சேனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர்கள். மாமியைப் பார்க்க வன்னிக்குப் போனோம். சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள், திரும்ப முடியவில்லை. ஆரணி அங்கேதான் பிறந்தாள்.

அங்கே எல்லோரிடமும் நகை இருந்தது. குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கிற பால்மா ஒருசிலரிடம்தான். அதனால் தங்கம் மண் விலை. மா தங்க விலை. ஒரு பைக்கற்றுக்கு என் தாலிக்கொடியைக் கேட்டான் ஒருவன். கழற்றப் போனேன். கணவர் கையைப் பிடித்தார்.

“பொறும். நாளைக்கு நிவாரணக் கப்பல் வருதாம். வந்தா பதுக்கினவன் எல்லாம் வெளியில எடுப்பான். விலை விழும்.”

கடைக்காரப் புத்தி. துறைமுகத்துக்குக் கப்பல் வரும் நாள் பார்த்துத்தான் வெங்காயம்கூட வாங்குவார். ஒருநாளும் கணக்குத் தப்பியதில்லை.

விடிந்தது. கப்பல் வந்தது. அவர் கடற்கரைக்கு ஓடினார். ஆரணி என் மடியில் இரண்டு தரம் விக்கினாள். பிறகு விக்கவில்லை.

அவர் ஓடி வருகிறார். கையில் பைக்கற். தூரத்திலேயே கத்துகிறார். “அரைவிலை! அரைவிலைக்குத் தந்தவன்!”

அவர் சொன்னது சரிதான். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. அவரில் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். மாவைப் பக்கத்துப் பங்கர் பிள்ளைக்குக் கொடுத்தோம்.

இப்போது கொட்டாஞ்சேனைக் கடையில் நான் இருக்கிறேன். நாட்டில் டொலர் இல்லாமல் போய் வெளிநாட்டுச் சாமான் வராத வருஷம், பால்மாவுக்கு அடிபிடி. கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். விலையைக் கேட்டாள். “அக்கா, துறைமுகத்தில கப்பல் நிக்குதாம். ரெண்டு நாள் பொறுத்து வாங்குறன்.”

“இண்டைக்கே கொண்டு போ! சல்லி பிறகு பாப்பம்!”

கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அவள் பயந்துபோய் வாங்கிக்கொண்டு போனாள். பார்த்தவர்கள் பார்க்கட்டும். எனக்கு வெட்கமில்லை.

மறக்காமலிருக்க எழுதுகிறேன். மகள் ஆரணி, பசியில். கணவர், வைகாசியில், செல் பட்டு. மாமி, அடுத்த நாள், ஓட முடியாமல். அந்தப் பங்கரிலிருந்து மிஞ்சியவள் நான் ஒருத்தி. மாமிக்கும் அவருக்கும் படம் இருக்கிறது, கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஆரணியை ஒரு படம்கூட எடுக்கவில்லை.