படித்துச் சொல்ல ஓர் ஆள்

விருந்தினர் அறையின் படுக்கையை எப்போதும் நானேதான் விரிப்பேன். வேறு யார் விரித்தாலும் மூலைகள் சரியாக மடிவதில்லை. நான் பாடம் எடுக்கும் செவிலியர் கல்லூரிக்கு வெளிநாட்டிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் முதல் நாள் மாலையே போய் விரிப்பை மாற்றி, இரண்டு துண்டு வைத்து, ஜன்னல் கொக்கி மாட்டுகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். பதினோரு வருஷத்தில் பத்தொன்பது பேர். ஒருவர்கூடப் படுக்கையைக் குறை சொன்னதில்லை. விசாரணைக் குழுவுக்கு இதெல்லாம் தேவையில்லை என்று நினைப்பீர்கள். நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை, நானாகத்தான் வந்தேன். அதனால் என் போக்கில் சொல்ல விடுங்கள்.

பரிமாற்றத் திட்டம் என்று இதற்குப் பெயர். பரிமாற்றம் என்றால் கொடுப்பதும் வாங்குவதும். அவர்களில் பத்தொன்பது பேர் இங்கே வந்தார்கள். எங்களில் இரண்டு பேர் அங்கே போனார்கள், இரண்டு பேரும் கல்லூரி முதல்வருக்கு வேண்டியவர்கள். நான் மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் ‘வெளிநாட்டு அனுபவம் போதாது’ என்று பதில் வந்தது. வெளிநாடு போவதற்கு வெளிநாட்டு அனுபவம் வேண்டும். இந்த விதியை எழுதியவரை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே அச்சு. முதல் வாரம் வார்டைப் பார்த்துக் கண் கலங்குவார்கள். இரண்டாவது வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு குறைந்த வசதியில் எப்படித்தான் சமாளிக்கிறீர்களோ என்பார்கள். மூன்றாவது வாரம் கேமரா வெளியே வரும். பிறகு ஊருக்குப் போய் எங்களைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பதவி உயர்வு வாங்குவார்கள்.

மருந்துக் குப்பி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊசி மருந்துக் குப்பிகளை எங்கள் மருந்தகமே நிரப்பி, நம் எழுத்தில் சீட்டு ஒட்டி, அதன்மேல் ஒரு நிறப் பட்டை போடும். வெள்ளைப் பட்டை என்றால் ஊசிக் குழாயைக் கழுவிவிடும் உப்பு நீர். நீலப் பட்டை என்றால் பொட்டாசியம். அதைப் பெரிய பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்ற வேண்டும். நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். வேலை நெரிசலில் நாங்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை, பட்டையைப் பார்ப்போம். விருந்தினர்களின் நாட்டில் இது தலைகீழ். அங்கே நீலம்தான் உப்பு நீர். அதனால் முதல் நாள் கொடுக்கும் குறிப்பில் இதை எழுதியே கொடுப்பேன்.

பதினெட்டாவது விருந்தினர் இதைப் படம் பிடித்துக் கட்டுரையில் போட்டார். படத்தின் கீழே, ‘எழுத்தைப் படிக்காமல் நிறம் பார்த்து மருந்து எடுக்கும் செவிலியர்கள்’ என்று இருந்தது. படத்தில் இருந்தது என் கை. அதன்பின் குறிப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டேன். வேறு எதையும் எடுக்கவில்லை. கழிவறை எந்தப் பக்கம் என்பதெல்லாம் அப்படியே இருந்தது.

பத்தொன்பதாவதாக வந்தவளுக்கு முப்பத்து நாலு வயது. பேராசிரியை. நம் பேச்சை மூன்று மாதம் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். எழுத்துக்கு நேரம் கிடைக்கவில்லையாம். கண்ணில் படுகிற எல்லோரையும் "சாப்ட்டீங்களா?" என்று கேட்பாள். அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி போட்டிருந்த ஒருவரையும் கேட்டாள். அவர், "எங்க விடறாங்கம்மா?" என்றார். வார்டே சிரித்தது. அன்றிலிருந்து அவள் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. இருபத்தெட்டு வருஷம் அதே வார்டில் நின்றவள் நான். என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துவார்கள்.

அவள் கற்றுக்கொடுக்க வந்தது ஒரே ஒரு விஷயம். மருந்து ஏற்றும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒருவர் குப்பியை எடுக்க, இன்னொருவர் சீட்டை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இதைச் சொல்ல ஒருத்தி கடல் தாண்டி வந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாததால் படிக்கிற ஆள் எப்போதும் நான். நான் படிப்பேன், அவள் தலையாட்டுவாள், மாணவிகள் பயபக்தியோடு குறிப்பெடுப்பார்கள்.

இத்தனை பேருக்குப் படுக்கை விரித்ததில் எனக்கும் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அதை மறைக்கவில்லை. இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து ஒரு பயிற்சி மையம் தொடங்க இருந்தன. அதற்குத் தலைவர் யார் என்பதை இவளுடைய அறிக்கைதான் முடிவு செய்யும் என்று முதல்வர் சொல்லியிருந்தார். என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

ஐந்தாவது வாரம் மடிக்கணினியோடு என் அறைக்கு வந்தாள். "பேரெல்லாம் சரியா இருக்கா பாருங்க அக்கா," என்றாள். அறிக்கை அவள் மொழியில் இருந்தது. அந்த மொழி எனக்கு நன்றாகவே வரும். மையத்தின் தலைவராக, எங்கள் துறையின் இளைய விரிவுரையாளரைப் பரிந்துரைத்திருந்தாள். மாணவிகள் சின்ன மேடம் என்று கூப்பிடுகிறவள். என்னிடம் படித்தவள். முதல் வருஷம் சிரிஞ்சைப் பார்த்து மயங்கி விழுந்தபோது முகத்தில் தண்ணீர் தெளித்தது நான்தான். என் பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தது. விருந்தோம்பல் பொறுப்பாளர்.

"உங்களுக்குன்னே புதுசா ஒரு பதவி போட்டிருக்கேன்," என்றாள். "உங்கள மாதிரி யாராலயும் பாத்துக்க முடியாது அக்கா."

"ரொம்ப சந்தோஷம்மா."

"கோவம் இல்லியே?"

"எதுக்குக் கோவம்? படுக்கை விரிக்கறதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது."

அவள் சிரித்தாள். கேலி செய்கிறேன் என்பது அவளுக்குப் புரியவில்லை. மூன்று மாதப் படிப்பில் அது வராது. சாயங்காலம் சின்ன மேடம் கதவோரம் வந்து நின்றாள். "சத்தியமா நான் கேக்கல மேடம். நீங்கதான் இருக்கணும்னு அவங்ககிட்ட சொன்னேன்." நான் அவளை உட்காரச் சொல்லி வாழ்த்துச் சொன்னேன். பாவம், அழுதேவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை காலை பத்து மணி. நாலாவது வார்டு. ஆறாவது படுக்கையில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். நுரையீரலில் சளி கட்டி வந்தவர், நன்றாகத் தேறி, மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். அவருக்கு மருந்து ஏற்றிக் காட்ட மாணவிகளோடு போனோம். அவர் மனைவி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீங்க," என்று மாணவிகளை விரட்டினார் அவர்.

"பேசாம இருங்களேன். மூச்சு வாங்கும்," என்றார் மனைவி.

"வாங்கினா வாங்கட்டும். சில்லறை வெச்சிருக்கேன்."

விருந்தாளி வழக்கம்போல, "சாப்ட்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு தாயி. நாளைக்கு நீ எங்க வீட்டுக்கு வந்து சாப்டு. இவ சமையலுக்குப் பயந்துதான் நான் இங்க வந்து படுத்ததே."

மனைவி அவர் காலில் ஒரு தட்டுத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வண்டித் தட்டில் இரண்டு குப்பிகள் இருந்தன. வெள்ளை இவருக்கு, மருந்து ஏற்றும் முன் கையிலுள்ள ஊசிக் குழாயைக் கழுவிவிட. நீலம் எட்டாவது படுக்கையின் பாட்டிலில் கலப்பதற்கு. விருந்தாளி மாணவிகளிடம் பேசிக்கொண்டே கையை நீட்டினாள். அந்தக் கை, அவள் நாட்டுப் பழக்கத்தில், நீலத்தை எடுத்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை, நகர்த்தி வைக்கவும் இல்லை. அவள் தன் விதிப்படி குப்பியை என் பக்கம் திருப்பினாள். நல்ல விதிதான், ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கும் அது ஒரு உயிரைக் காப்பாற்றத் தயாராகவே இருந்தது.

"படிங்க அக்கா."

"உப்பு நீர்," என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவள் தலையாட்டிவிட்டு ஏற்றினாள். மாணவிகள் நோட்டிலிருந்து தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்கள்.

அவர் பேசிக்கொண்டிருந்த வாக்கியம் முடியவில்லை. நெஞ்சை அழுத்தியது நான்தான். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. நாற்பது நிமிஷம் விடாமல் செய்தேன். என் கணக்கு பிசகவில்லை என்று மருத்துவரே எழுதியிருக்கிறார். கண்டக்டரின் மனைவி, மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்பத்தானே பேசினாரு, இப்பத்தானே பேசினாரு," என்று ஒவ்வொரு மாணவியிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். விருந்தாளி தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலை தெரிந்தவர்கள் நிற்பார்கள்.

மூன்று வாரம் விசாரித்தீர்கள். குறை சொல்லவில்லை, மரியாதையாகவே நடத்தினீர்கள். அவளுடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தீர்கள். அவள் நாட்டில் அவளுடைய உரிமத்தை நிறுத்திவிட்டார்களாம். இனிமேல் யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுக்க மாட்டேன் என்று சின்ன மேடத்திடம் சொன்னாளாம். இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, நேற்று நீங்கள் என் கையெழுத்துக்கு அனுப்பிய அறிக்கை.

அவள் உங்களிடம் என்ன சொன்னாள் என்பதை அதில் படித்தேன். ‘எழுத்தைக் கற்றுக்கொள்ளாதது என் குற்றம். அக்காவுக்கு வயதாகிறது. கண் தெளிவாகத் தெரிந்திருக்காது. அவரைத் தண்டிக்காதீர்கள்.’ நீங்களும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு எழுதிவிட்டீர்கள். பார்வைக் குறைவால் சீட்டைத் தவறாகப் படித்தார், உள்நோக்கம் இல்லை, நடவடிக்கை தேவையில்லை. மருந்துச் சீட்டு படிப்பதில் பத்து நாள் அடிப்படைப் பயிற்சி போதும். பயிற்சி கொடுப்பவர், புதிய மையத்தின் தலைவர்.

சின்ன மேடம் என்னை முதல் வரிசையில் உட்காரவைத்து, குப்பியைத் தூக்கிக் காட்டி, இது என்ன சொல்லுங்கள் என்று கேட்பாள். நான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் வந்தேன். சீட்டில் பொட்டாசியம் என்று இருந்தது. அவள் திருப்பிக் காட்டிய அந்த நொடியிலேயே படித்துவிட்டேன். பட்டையை மட்டும் பார்க்கவில்லை, எழுத்தையும் படித்தேன். படித்துவிட்டுத்தான் உப்பு நீர் என்று சொன்னேன். அவள் இரண்டாவது தடவை கேட்டபோது இன்னொரு முறையும் படித்தேன். என்னை எங்கே அனுப்புவதென்றாலும் அனுப்புங்கள், அவளை வீட்டுக்கு அனுப்புவதென்றாலும் அனுப்புங்கள். அது உங்கள் வேலை, நான் தலையிடவில்லை. ‘தவறாகப் படித்தார்’ என்ற வரியை மட்டும் என் கண் முன்னாலேயே அடித்துவிடுங்கள். இந்த ஆஸ்பத்திரியில் என்மேல் இன்றுவரை ஒரு தவறுகூடப் பதிவானதில்லை.